மேடை ஒளி நடை பயின்ற வரலாறு

விளக்கேற்றுதல் ஒரு கலை. ஏற்றிய விளக்கை நடத்துதல் மற்றொரு கலை. முன்னதைப் பற்றி நம்மவர் நிரம்பப் பேசியிருக்கின்றனர். கோயிற் கருவறையின் தூண்டா விளக்கு முதல் திருவண்ணாமலைத் தீபம் வரை, ஓரிடத்தில் நிலைத்து நின்று எரியும் ஒளிக்கு நம்மிடையே பெரும்புகழ் உண்டு. பின்னதோ பேசப்படாமலே நிற்கிறது. நாடக மேடையில் வட்டமான ஓர் ஒளி நடிகரைப் பின்தொடர்ந்து மெல்ல நகர்கிறது. அவர் நின்றவிடத்தில் தானும் நிற்கிறது. பார்ப்பவர் நடிகரைக் காண்கின்றனரேயன்றி ஒளியைக் காண்பதில்லை. அவ்வாறு காணாதிருப்பதே அவ்வொளியை நடத்தியவரின் வெற்றி. அந்த வெற்றிக்குப் பின்னே நீண்டதொரு வரலாறு உண்டு. அதனைப் பெங்களூரு நகரை நடுவாகக் கொண்டு இங்கே காண முற்படுவோம்.

பெங்களூருவைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. மேடையில் ஒளி நடக்க வேண்டுமானால் நான்கு பொருள்கள் கூட வேண்டும். மின்சாரம் வேண்டும், நாடகம் வேண்டும், நுட்பமாக அசையும் இயந்திரம் வேண்டும், அவ்வியந்திரத்துக்குக் கணக்குச் சொல்லும் கணிப்பொறி வேண்டும். இந்நான்கும் நூறாண்டுக்குள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்த நகரங்கள் நம் நாட்டில் மிகச் சில. அவற்றுள் பெங்களூரு ஒன்று. அந்நான்கிலும் தமிழருடைய உழைப்பு ஏதோ ஒரு வகையில் கலந்திருக்கிறது என்பதும் நாம் நினைவிற் கொள்ளத்தக்கது.

மின்சாரம் தோன்றுவதற்கு முன்னர் ஆடுகளத்தில் ஒளி அசைந்ததா என்று கேட்கலாம். அசைந்தது, மனிதனுடைய கையில் அசைந்தது. தமிழ்நாட்டுத் தெருக்கூத்திலும் கன்னட நாட்டு யட்சகானத்திலும் அந்நாளில் தீவட்டியே விளக்கு. எண்ணெய் வார்த்துத் தீவட்டியைக் காத்தவர், வேடம் புனைந்து வருபவரின் முகத்துக்கு ஒளி எட்டுமாறு அதனை ஏந்தினார். ஆடுபவர் அசைந்தால் அவரும் அசைந்தார். அவரை நாம் முதல் மேடை விளக்காளர் என்று கூறினால் மிகையாகாது. அவருடைய பெயரோ எந்த ஏட்டிலும் இல்லை.

பெங்களூரு நகரின் பழைய பேட்டைகளில் சித்திரை முழுநிலா இரவில் நிகழும் கரகத் திருவிழாவை அங்கு வாழ்வோர் நன்கறிவர். தமிழகத்திலிருந்து பண்டு வந்து குடியேறியோர் எனக் கருதப்படும் திகளர் சமூகத்தார் தருமராயர் கோயிலிலிருந்து அக்கரகத்தை எடுக்கின்றனர். மலர் சூழ்ந்த கரகம் தலையில் நிற்க, கையால் அதனைத் தொடாமலே அதைச் சுமப்பவர் தெருத்தெருவாகச் செல்கிறார். தலைச்சுமையின் இயல்பை நம் தாய்மார் அறிவர். தண்ணீர்க் குடம் இடைவழியில் தளும்புவதில்லை. புறப்படும்போதும் நிற்கும்போதுந்தான் தளும்புகிறது. ஆகவே முதலடியை மெல்ல எடுத்து வைத்து, நிற்பதற்கு முன்னரே நடையைத் தளர்த்துவது சுமப்பவர் வழக்கம். இந்தச் சிறு உண்மையை இக்கட்டுரை முடியும்வரை மறவாதிருப்போமாக. மேடை ஒளியின் வரலாறு முழுவதும் இதனை மீண்டும் மீண்டும் கற்றுக்கொண்ட வரலாறேயாகும்.

இனி மின்சாரத்துக்கு வருவோம். காவிரியாறு தமிழ்நாட்டை அடைவதற்கு முன் சிவசமுத்திரத்தில் பேரருவியாக வீழ்கிறது. அந்த வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் எடுக்கும் திட்டம் சேஷாத்திரி ஐயர் மைசூர் திவானாக இருந்த காலத்தில் உருவாயிற்று. அவர் பாலக்காட்டுப் பகுதியில் தமிழ் வழங்கிய குடும்பத்தில் தோன்றியவர். 1883 முதல் 1901 வரை திவான் பதவி வகித்தவர். திட்டம் நிறைவுற்றதைக் காண அவர் உயிரோடு இல்லை. 1902ஆம் ஆண்டு ஜூன் திங்களில் சிவசமுத்திரத்து மின்சாரம் ஏறக்குறைய 147 கிலோமீட்டர் கடந்து கோலார் தங்கவயலை அடைந்தது. அந்நாளில் உலகிலிருந்த மிக நீண்ட மின்பாதைகளுள் அதுவும் ஒன்று.

முதல் மின்சாரம் அரண்மனைக்குச் செல்லவில்லை, நாடகக் கொட்டகைக்கும் செல்லவில்லை, சுரங்கத்துக்கே சென்றது. அச்சுரங்கங்களில் இறங்கி உழைத்தவருள் பெரும்பாலோர் வட ஆற்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழர். தங்கவயற் சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டில் மூடப்பட்டன. ஆயினும் தென்னாட்டு மின்சார வரலாற்றின் தொடக்கப் பக்கத்தில் அவ்வுழைப்பாளருக்கு இடம் உண்டு. பெங்களூரு நகரத் தெருக்களில் மின்விளக்கு எரியத் தொடங்கியது அதற்குப் பின்னர், 1905ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாளில் ஆகும். பேட்டையின் சந்தைப் பகுதியில் அன்று எரிந்த விளக்குகளுக்குக் காவிரியே எண்ணெயாயிற்று.

தெருவுக்கு வந்த மின்சாரம் கொட்டகைக்குள் நுழையக் காலம் பிடித்தது. அக்காலம் கம்பெனி நாடகங்களின் காலம். 1884ஆம் ஆண்டில் தும்கூர்ப் பகுதியிலுள்ள குப்பி என்னும் ஊரில் ஒரு நாடகக் குழு தோன்றியது. அதனைப் பின்னர் புகழின் உச்சிக்குக் கொண்டு சென்றவர் குப்பி வீரண்ணா. 1891இல் பிறந்து 1972இல் மறைந்த அவர், 1934ஆம் ஆண்டில் குருக்ஷேத்திரம் என்னும் நாடகத்தில் மெய்யான யானைகளையும் குதிரைகளையும் மேடையேற்றினார். தமிழ்நாட்டில் நவாப் இராஜமாணிக்கம் பிள்ளை தம்முடைய தேவி பால விநோத சங்கீத சபையின் வாயிலாகத் தந்திரக் காட்சிகளில் பெரும்பெயர் பெற்றார். அவருக்குப் பின் ஆர். எஸ். மனோகர் இலங்கேஸ்வரன் முதலிய நாடகங்களில் அம்மரபைத் தொடர்ந்தார். காண வருவோரை வியப்பில் ஆழ்த்துவதே இக்கம்பெனிகளின் நோக்கம். வியப்பை விளைக்கும் கருவிகளுள் மின்னொளி முதலிடம் பெற்றது.

அந்நாளில் ஒளியை ஏற்றி இறக்கப் பயன்பட்ட கருவி ஒன்று இன்று நம்மை வியக்கச் செய்யும். அது உப்புநீர்ப் பானை. பானையில் உப்பு கரைத்த நீர். அடியில் ஓர் உலோகத் தகடு. மேலே கயிற்றில் தொங்கும் மற்றொரு தகடு. விளக்குக்குச் செல்லும் மின்சாரம் இந்நீரைக் கடந்தே செல்ல வேண்டும். தகடுகள் அணுகினால் விளக்கு ஒளிரும், விலகினால் மங்கும். நீர் சூடேறி ஆவி பறக்கும். கவனம் பிசகினால் உயிருக்கே இடர். வெளிநாடுகளிலும் நம் நாட்டிலும் பணவசதி குறைந்த நாடகக் குழுக்களுக்கு இதுவே டிம்மர். கயிற்றைப் பிடித்தவர் அதனை வெடுக்கென இழுத்தால் விடியற்காலைக் காட்சி கெட்டுவிடும். தொடக்கத்தில் இழை இழையாக, நடுவில் சற்று விரைவாக, முடிவில் மீண்டும் இழை இழையாக இழுத்தால் மேடையில் பொழுது புலரும். இக்கணக்கை அவருக்கு எவரும் எழுதித் தரவில்லை. அவருடைய தோளும் மணிக்கட்டும் அதனை அறிந்திருந்தன.

எளிய கருவியும் தேர்ந்த கையும் சேர்ந்தால் எத்துணை ஆற்றல் விளையும் என்பதற்குக் கல்கத்தாவின் தாபஸ் சென் சான்றாவார். 1924இல் பிறந்து 2006இல் மறைந்த அவர் மேடை ஒளியமைப்பைத் தனிக்கலையாக நம் நாட்டில் நிலைநாட்டியவர். 1959ஆம் ஆண்டில் சேது என்னும் வங்க நாடகத்தில் இரயில் வண்டி பாய்ந்து வருவதை ஒளியினாலும் ஒலியினாலும் காட்டினார். அதே ஆண்டில் உத்பல் தத் மினர்வா அரங்கில் நடத்திய அங்கார் நாடகத்தில், நிலக்கரிச் சுரங்கத்துள் வெள்ளம் புகுந்து ஏறித் தொழிலாளரை மூழ்கடிக்கும் காட்சியை ஒளியாலேயே தோற்றுவித்தார். மேடையில் ஒரு துளி நீரும் இல்லை. ஆனால் ஒளி ஏறிய விதம் நீர் ஏறும் விதமாக இருந்தது. ஒளியின் வடிவத்தைக் காட்டிலும் ஒளியின் நடையே மனத்தை நம்பச் செய்கிறது என்னும் உண்மை இதனால் புலனாகும்.

பெங்களூருவில் அக்காலத்தில் நிலையான அரங்கம் ஒன்று எழுந்தது. இரவீந்திரநாத தாகூரின் நூற்றாண்டு நினைவாகக் கட்டப்பட்ட இரவீந்திர கலாக்ஷேத்திரம் 1963ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. கொட்டகை கட்டிப் பிரித்து ஊர் ஊராகச் சென்ற கம்பெனிக்கு விளக்கு ஒரு மூட்டைப் பொருள். நிலையான அரங்கத்துக்கோ அது கட்டடத்தின் ஓர் உறுப்பு. பின்னர் 1970களின் தொடக்கத்தில், இளமையில் குப்பிக் கம்பெனியிற் பயின்ற பி. வி. காரந்த், கலாக்ஷேத்திரத்தை ஒட்டிய திறந்த வெளியில் நாடகங்களை நடத்தினார். நான்கு சுவரும் கூரையும் இல்லாத இடத்தில், எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்று முடிவு செய்வது ஒளியே. 1980இல் சௌடையா நினைவு மண்டபமும், 2004இல் ரங்க சங்கராவும் எழுந்து நகரின் மேடை வாழ்வை வளப்படுத்தின.

இவ்வளவு காலமும் விளக்கு அசைந்தது என்றால், அதனை அசைத்தவர் அதன் பின்னே நின்றார் என்பதே பொருள். விளக்கு தானே அசையும் காலம் 1981இல் பிறந்தது. அமெரிக்காவில் டல்லாஸ் நகரத்து ஷோகோ நிறுவனத்தார் விளக்கின் நிறத்தை மோட்டாரால் மாற்றும் வழியை நாடினர். இன்னும் இரண்டு மோட்டார்களைச் சேர்த்தால் விளக்கே திரும்பும் என்ற எண்ணம் பின்னர் எழுந்தது. அவ்வாறு பிறந்த வாரி-லைட் என்னும் விளக்குகள், ஜெனிசிஸ் என்னும் ஆங்கில இசைக்குழுவின் பயணத்தில், ஸ்பெயின் நாட்டுப் பார்சிலோனாவில் முதன்முறையாக மக்கள்முன் ஒளிர்ந்தன. ஐந்தாண்டு கழித்து, 1986இல், எந்த நிறுவனத்தின் விளக்கும் எந்த நிறுவனத்தின் கட்டுப்பாட்டுப் பலகைக்கும் கீழ்ப்படியுமாறு டி.எம்.எக்ஸ். 512 என்னும் பொதுமொழி வகுக்கப்பட்டது. உலக மேடைகள் இன்றும் அம்மொழியையே பேசுகின்றன.

பெங்களூரு மக்கள் இவ்வகை விளக்குகளைப் பெருந்தொகையாகக் காணும் வாய்ப்பு அரண்மனை மைதானத்தில் கிட்டியது. 2003ஆம் ஆண்டில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினரும், 2007இல் அயர்ன் மெய்டன் குழுவினரும், 2011இல் மெட்டாலிக்கா குழுவினரும் அங்கே நிகழ்ச்சி நடத்தினர். இன்று அத்தகைய விளக்குகள் திருமண வரவேற்பிலும், கல்லூரி விழாவிலும், கோயில் திருவிழா மேடையிலும் வாடகைக்கு வந்து நிற்கின்றன. மூவிங் ஹெட் என்றும், ஒருவகைக் கூரிய கற்றை விளக்கை ஷார்ப்பி என்றும் தொழிலாளர் அவற்றை அழைக்கின்றனர்.

மூவிங் ஹெட் என்பது யாது? கீழே ஓர் அடிப்பெட்டி. அதன்மேல் கவை போன்ற இரு கைகள். கைகளுக்கிடையே விளக்குத் தலை. கைகள் இடவலமாகச் சுழல்வது பான். தலை மேலுங்கீழும் சாய்வது டில்ட். இவ்விரண்டு அசைவுகளால் ஒளிக்கற்றையை மேடையின் எந்த இடத்துக்கும் அனுப்பலாம். கட்டுப்பாட்டுப் பலகையாகிய கன்சோல், ஒவ்வொரு விளக்கும் எங்கே நோக்க வேண்டும் என்பதை எண்களாகச் சொல்கிறது. 512 எண்களும் நிரம்பிய முழுச் செய்தி ஒரு வினாடிக்கு ஏறக்குறைய 44 முறை செல்லும். எனவே நான்கு வினாடி நீளும் ஓர் அசைவுக்கு 176 ஆணைகள் போய்ச் சேரும்.

இங்கேதான் முதல் இடர் எழுகிறது. டி.எம்.எக்ஸ். மொழியில் ஓர் எண் 0 முதல் 255 வரை மட்டுமே செல்லும். பெரும்பாலான மூவிங் ஹெட்டுகள் இடவலமாக 540 பாகை திரும்பவல்லன. 540 பாகையை 255 படிகளாகப் பகுத்தால் ஒரு படி இரண்டு பாகைக்குச் சற்று மிகுதி. பத்து மீட்டர் தொலைவில் அது ஏறக்குறைய 37 சென்டிமீட்டர் தாவலாகும். நடிகர் ஓரடி நடந்தால் ஒளி ஒரு சாணுக்கு மேல் குதிக்கும். இதனை நீக்க இரண்டு எண்களைச் சேர்த்து வழங்கும் முறை வந்தது. நெல்லை முதலில் மரக்காலால் அளந்து, எஞ்சியதை ஆழாக்கால் அளப்பது போல, முதலெண் பேரளவையும் இரண்டாமெண் நுண்ணளவையும் கூறும். அப்போது படிகள் 65,536 ஆகின்றன. பத்து மீட்டர் தொலைவில் ஒரு படி ஒன்றரை மில்லிமீட்டர் அளவே. கண் அதனைப் படியாகக் காணாது, ஒழுக்காகவே காணும்.

படி நுண்ணியதானால் போதுமா? போதாது. ஒளியை 60 பாகை தொலைவுக்கு நான்கு வினாடியில் அனுப்ப வேண்டும் எனக் கொள்வோம். சமவேகத்தில் அனுப்பினால் ஒரு வினாடியில் 15 பாகை, இரண்டில் 30, மூன்றில் 45, நான்கில் 60. கணக்கு நேரானது, காட்சியோ அழகற்றது. நின்ற தலை திடீரெனப் பாய்கிறது. பாய்ந்த தலை திடீரென நிற்கிறது. பல கிலோகிராம் எடையுள்ள தலை அப்படி நின்றால் கற்றை நுனியில் நடுக்கம் உண்டாகும். தளும்பும் குடத்தை ஈண்டு நினைவுகூர்வோம். மெல்லத் தொடங்கி மெல்ல முடியும் வளைவை அமைத்தால், முதல் வினாடியில் ஏறக்குறைய 9 பாகை, இரண்டாவதில் 30, மூன்றாவதில் ஏறக்குறைய 51, நான்காவதில் 60. புறப்பட்ட இடமும் சேர்ந்த இடமும் எடுத்த நேரமும் முன்போலவே. மாறியது நடை ஒன்றே. முன்னது இயந்திரத்தின் நடை. பின்னது உயிருள்ளதன் நடை.

நம் ஊர்த் தேரோட்டத்தைக் கண்டவருக்கு இது புதிதன்று. வடம் பிடித்து இழுப்போர் ஆற்றலால் மட்டும் தேர் ஓடுவதில்லை. சக்கரத்தடியில் முட்டுக்கட்டை இட்டு அதன் விரைவை அடக்குவோரின் திறமையால்தான் தேர் அசைந்தாடி வந்து நிலைக்கு நிற்கிறது. மூவிங் ஹெட்டின் நிரலில் எழுதப்படும் தொடக்க வளைவும் முடிவு வளைவும் எண்களால் ஆன முட்டுக்கட்டைகளேயாம்.

இக்கணக்கு பெங்களூரு நகருக்கும் புதிதன்று. 1953இல் தோன்றிய இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் தொழிலகமும், 1962இல் அமைந்த மத்திய இயந்திரக் கருவி நிறுவனமும் இந்நகரைக் கடைசல் இயந்திரங்களின் நகராக்கின. கடைசல் உளி வெடுக்கென நகர்ந்தால் பொருளின் மேல் தழும்பு விழும். ஆகவே உளியைத் தாங்கும் பகுதி மெல்லப் புறப்பட்டு மெல்ல நிற்குமாறு இயந்திரத்துக்குக் கணக்கு எழுதுவர். அதே கணக்கு மேடையிற் பிழைத்தால் தழும்பு காண்போர் கண்ணில் விழுகிறது. வேறுபாடு அவ்வளவே.

இனி, பல விளக்குகள் ஒன்றாக அசையும் அழகினைக் காண்போம். ஊஞ்சல் இரு முனைகளிலும் தயங்கி நடுவில் விரையும். பான் அசைவுக்கு ஓர் ஊஞ்சல், டில்ட் அசைவுக்கு மற்றோர் ஊஞ்சல் எனக் கொண்டு, ஒன்று நடுவிலிருக்கும்போது மற்றொன்று முனையிலிருக்குமாறு அமைத்தால், ஒளிக்கற்றை வட்டமிடும். எட்டு விளக்குகளை வரிசையாகத் தொங்கவிட்டு, ஒவ்வொன்றும் முந்தியதற்கு எட்டிலொரு பங்கு, அதாவது 45 பாகை, பிந்தித் தொடங்குமாறு செய்தால் ஒளி அலையாகப் புரளும். கும்மியில் ஒருத்தி குனிந்து நிமிர்வதற்குள் அடுத்தவள் குனியத் தொடங்குவது போன்றதே இது. ஒவ்வொரு விளக்கும் செய்வது ஓர் எளிய அசைவு. அழகு பிறப்பது அவை ஒன்றையொன்று தொடரும் இடைவெளியில்.

காணாத அசைவும் ஒன்று உண்டு. ஒரு காட்சி முடிந்து விளக்கு அணைந்திருக்கும்போதே, அடுத்த காட்சிக்குரிய இடத்துக்கு அதன் தலையைத் திருப்பி வைத்துவிட வேண்டும். தவறினால், விளக்கு எரிந்துகொண்டே மேடையைத் துழாவி இடம் தேடும். அதைக் கண்டவுடன் நாடகத்தின் மாயம் கலைந்துவிடும். மற்றோர் இடர், நடிகர் விளக்கின் நேர்கீழே கடக்கும்போது நிகழ்வது. அவ்விடத்தில் அவர் ஓரடி எடுத்து வைத்தாலும் பான் அசைவு பாதிவட்டம் சுழல நேரலாம். அதை அறிந்தவர் விளக்கைச் சற்று ஒதுக்கித் தொங்கவிடுவார். அல்லது அந்நேரத்துக்கு வேறு விளக்கைப் பயன்படுத்துவார். இவையெல்லாம் எண்களால் மட்டும் வருவன அல்ல. நாடகத்தை முன்னதாகவே பன்முறை பார்த்தவருக்கு வருவன.

இப்போது நாம் எழுப்ப வேண்டிய வினா ஒன்றுண்டு. தீவட்டி ஏந்தியவர், உப்புநீர்ப் பானையின் கயிற்றைப் பிடித்தவர், ஸ்பாட் லைட்டின் பின்னே நின்று நடிகரைத் தொடர்ந்தவர் ஆகியோரின் கையறிவு, இன்று கன்சோலின் வளைகோடாக மாறியிருக்கிறது. வளைகோட்டைத் தேர்வதற்கு ஒரு பொத்தான் போதும். ஆனால் எந்தக் காட்சிக்கு எந்த வளைவு, எத்தனை வினாடி என்று முடிவு செய்வதற்குப் பொத்தான் உதவாது. தாய் மகனை நோக்கி நடக்கும் காட்சியில் ஒளி ஒரு நொடி பிந்தினால் ஏக்கம் தோன்றும். ஒரு நொடி முந்தினால் அவள் வருகையை ஒளியே முன்கூட்டிச் சொல்லிவிடும். இந்த அறிவு நேற்றுவரை கையில் இருந்தது. கையோடு அதை உடையவரும் மறைந்தால், எண்களுக்குப் பொருள் சொல்வார் யார்?

ஆற்றல் மிகுந்த விளக்கு எளிதாகக் கிடைப்பதால் விளைந்த கேட்டையும் கூறாமல் விடலாகாது. இன்று பல மேடைகளில் விளக்குகள் காரணமின்றிச் சுழல்கின்றன. பாடுபவர் கண்ணை மூடி ஆலாபனை செய்யும்போது அவர் தலைக்கு மேலே பத்துக் கற்றைகள் வானைக் கிழிக்கின்றன. சொற்பொழிவாளரின் முகத்தில் நிறம் மாறிக்கொண்டேயிருக்கிறது. அசையத் தெரிந்த விளக்குக்கு அசையாதிருக்கவும் கற்பிக்க வேண்டும். ஓய்வறியாத மத்தளம் தாளமாகாதது போல, நிற்கவறியாத ஒளி காட்சியாகாது.

பிற மாநிலங்களில் வாழும் நம் அன்பர்களுக்கு இவ்வரலாறு வெறும் செய்தியாக நின்றுவிடலாகாது என்பது நம் விருப்பம். டெல்லியிலும் மும்பையிலும் பெங்களூருவிலும் கல்கத்தாவிலும் தமிழ்ச் சங்கங்கள் ஆண்டுதோறும் நாடகம் நடத்துகின்றன. பெங்களூருத் தமிழ்ச் சங்கம் 1950இல் தோன்றியது. டெல்லித் தமிழ்ச் சங்கம் அதற்கும் முற்பட்டது. அச்சங்கங்களின் பழைய விழா அழைப்பிதழ்களை எடுத்துப் பார்த்தால், கதை வசனம் எழுதியவர் பெயர் இருக்கும். நடித்தவர் அனைவர் பெயரும் இருக்கும். தலைமை தாங்கியவர் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். ஒலி ஒளி என்னுமிடத்திலோ பெரும்பாலும் ஒரு வாடகைக் கடையின் பெயரே காணப்படும். விளக்கைப் பிடித்த கைக்குரியவர் யார் என்பது அங்கே இராது.

அவர்களுள் பலர் பகலெல்லாம் தொழிற்சாலையிலும் அலுவலகத்திலும் உழைத்து, மாலையில் ஏணியேறி விளக்குக் கட்டிய தமிழர். அயலூரில் தாய்மொழி நாடகம் ஒன்று அரங்கேற அவர்கள் பட்ட பாடு எழுதப்படவில்லை. முதியவராய் இன்றும் நம்மிடையே உள்ளோரைக் கேட்டால் சொல்வர்: எந்தக் காட்சிக்கு எந்த நிறத் தாள், எந்த வசனத்தில் ஒளி இறங்க வேண்டும், கயிற்றை எத்தனை எண்ணிக்கைக்குள் இழுக்க வேண்டும் என்பனவெல்லாம் அவர்கள் நினைவில் உண்டு. அவற்றைக் கேட்டு எழுதி வைப்பதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. ஒரு குறிப்பேடும் சில மாலைப் பொழுதுகளும் போதும். இன்று கன்சோலின் முன் அமரும் இளைஞருக்கு அக்குறிப்பேடு சிறந்த பாடநூலாகும். அவர் எழுதும் நான்கு வினாடி வளைவில் மூத்தவர் ஒருவரின் மணிக்கட்டு மீண்டும் உயிர்பெறும்.

சங்கங்கள் செய்யத்தக்கது இன்னும் ஒன்றுண்டு. அடுத்த நாடகத்தின் அழைப்பிதழில் ஒளி அமைத்தவர், ஒளியை இயக்கியவர் ஆகிய இருவர் பெயரையும் நடிகர் பெயருக்கு அடுத்த வரியிலேயே அச்சிடுவீர்களாக. தீவட்டி ஏந்தியவரின் பெயர் நமக்குக் கிட்டவில்லை; பானையின் கயிற்றைப் பிடித்தவரின் பெயரும் கிட்டவில்லை. இனி வருவோரின் பெயரேனும் ஏட்டில் நிற்கட்டும்.